புளியமரம் மறித்த காந்தப் பாடம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடம் அது. கல்வராயன் மலையில் நான் ஆசிரியை. சாமை அறுப்பு வந்தால் பிள்ளைகள் காட்டோடு நின்றுவிடுவார்கள். “திங்கட்கிழமை மட்டும் அனுப்புங்க, காந்தம் காட்டறேன். அப்புறமும் அவங்களுக்கு ஆசை வரலன்னா நான் கேக்கல” என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியிலிருந்து காந்தத்தோடு கிளம்பினால், அடிவாரத்தில் புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன்.

“இன்னிக்கு யாரும் தாண்டக்கூடாது, டீச்சர்” என்றார் அரிவாளோடு நின்றவர்.

“விடலன்னா இங்கியே குந்திக்கினு இருப்பேன்.”

“பையில இன்னா?”

“அஞ்சாவது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த” என்று எடுத்துக் காட்டினேன். காந்தம் பாய்ந்து அவர் அரிவாளில் ஒட்டிக்கொண்டது.

“யோவ், டீச்சர் உன் அரிவாளப் புடுங்கறாங்க!” என்று கூட்டம் சிரித்தது. அப்புறம் யார் விட்டார்கள்? சைக்கிள் செயின், சாவி, வெள்ளி மோதிரம் என்று ஆளாளுக்கு ஒட்டிப் பார்த்தார்கள்.

“மோதிரம் ஒட்டலியே, டூப்ளிகேட்டா?”

“ஒட்டியிருந்தாத்தாங்க டூப்ளிகேட்!” என்றேன்.

அரிவாள்காரர் காந்தத்தைத் துண்டால் துடைத்துத் தந்தார். “எம் பொண்ணும் அஞ்சாவதுதான். அதுக்குப் படிப்பு, வேலை கெடைக்கணும்னுதான் ரோட்டுல நிக்கறோம். போங்க டீச்சர்.” அவரே கிளைகளை வெட்டி வழிவிட்டார்.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகள் ஓடை மணலில் காந்தத்தை இழுத்தார்கள். அதன் முனையில் கறுப்பு இரும்புத் துகள்கள் மீசைபோல முளைத்தன. மறுநாள் அறுப்பை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பிடி மணலோடு வந்து நின்றார்கள்.

மறியலில் பஸ் நின்றால் இப்போதும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் திட்டுவதற்கு முன் இறங்கிப் போய், என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.