ஃபிரிட்ஜுக்குப் பார்த்த மூலை

என் கணவர் டேப்பை எடுத்து என் மேசையை அளந்த அன்றுதான், அஃபிலியேட்டில் கூடுதலாகச் சம்பாதித்தே தீர வேண்டும் என்கிற வெறி எனக்கு வந்தது. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களை அளந்து பார்த்து நல்லது கெட்டது சொல்கிற வேலையில் இருக்கிறார். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடாது. கூடத்து ஜன்னலோரம் என் மேசை இருக்கிற மூலையில் முட்டி போட்டு உட்கார்ந்து, முதலில் மூலையை அளந்தார், பிறகு மேசையை அளந்தார், எல்லாவற்றையும் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார்.

"இன்னா அளந்துகினு கீறீங்க?" என்றேன்.

"ஃபிரிட்ஜி ஒண்ணு பாத்து வச்சிகீறேன். பெரிசு. கிச்சன்ல நிக்காது, இங்கதான் நிக்கும்."

"அப்ப நான் எங்க போறது?"

"இல்ல, இன்னான்னா..." என்று ஏதோ ஆரம்பித்தார். நான் எங்கே அவரைப் பேசவிட்டேன். பத்திக்கொண்டு வந்தது எனக்கு. கள்ளிக்குப்பத்தில் ஒரு படுக்கையறை வீடு எங்களுடையது. அதில் காற்றும் வந்து, பிளக் பாயின்ட்டும் வேலை செய்து, யாரும் குறுக்கே நடக்காத இடம் அந்த ஒரு மூலைதான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் எனக்கென்று நான் கேட்டு வாங்கியதும் அது ஒன்றுதான். அதைக் கொண்டுபோய் ஒரு இரும்புப் பெட்டிக்குக் கொடுப்பதா? மூச்சு விடாமல் கத்தினேன். கத்திய வேகத்தில் சபதமும் செய்தேன். "கிறிஸ்துமசுக்குள்ள என் பிளாகு இந்த ஊட்டு நெட் பில்ல கட்டும். கட்டலன்னா நானே என் கையால மேசைய தூக்கி வெளிய போடறேன்."

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

சபதம் செய்த பிறகுதான் என் வருமானம் நினைவுக்கு வந்தது. நான் வீட்டுச் சாமான்களைப் பற்றி வலைப்பதிவு எழுதுகிறவள். மிக்ஸி, குக்கர், மாப், ஹாட்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக எழுதி, அடியில் ஒரு லிங்க் வைப்பேன். படிக்கிறவர் அந்த லிங்க் வழியாகப் போய்ப் பொருளை வாங்கினால், விற்கிற நிறுவனம் எனக்கு ஒரு சின்னக் கமிஷன் தரும். இதுதான் அஃபிலியேட். அதுவரை அதில் வந்த மொத்தத்துக்கு ஒரு குடை வாங்கலாம். அதையும் வெயில் காலத்தில் வாங்க வேண்டும், மழை வந்தால் விலை ஏறிவிடும்.

படிக்க ஆளில்லை என்று சொல்ல மாட்டேன். படிக்கிறவர்கள் பொருளை விட்டுவிட்டு, அதில் வருகிற என் கணவரைத்தான் படித்தார்கள். பதிவுகளில் அவருக்கு நான் வைத்த பெயர் 'மேலிடம்'. மேலிடம் மாப்பைப் பிழிந்தால் தண்ணீர் மாப்பை விட்டு மேலிடத்தின் லுங்கிக்குப் போவது, மேலிடம் குக்கர் விசிலை எண்ணும்போது யாரும் பேசக்கூடாது என்பது, எங்கள் குட்டி ஃபிரிட்ஜில் காய்கறி டப்பா தரையோடு தரையாக இருப்பதால் குனிந்து குனிந்தே என் முதுகு போனதும் அதை மேலிடம் கண்டுகொள்ளாததும், எல்லாம் அதில் இருக்கும். அவர் போனில் கிரிக்கெட்டும் லேத் மிஷின் வீடியோவும் மட்டும்தான் பார்ப்பார். என் பிளாகை ஒரு தடவைகூடத் திறந்தது கிடையாது. அந்த தைரியத்தில்தான் இஷ்டத்துக்கு எழுதினேன்.

கூடுதலாகச் சம்பாதிப்பது எப்படி என்று சொல்லித்தருகிற வீடியோக்களை வரிசையாகப் பார்த்தேன். அதில் வருகிற எல்லோருக்கும் பின்னால் ஒரு செடி இருந்தது. நானும் ஒரு மணிபிளான்ட்டை மேசைமேல் வைத்தேன். பழைய பதிவு ஒன்றைக்கூட சும்மா விடக் கூடாது, எல்லாவற்றிலும் லிங்க் வையுங்கள் என்றார்கள். வைத்தேன். நெத்திலிக் குழம்பு எழுதிய இடத்தில் டேபிள் ஃபேன். மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதை அழாக்குறையாக எழுதிய இடத்தில் ரப்பர் செருப்பு. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இறந்தபோது, துக்கத்துக்கு வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை என்று உருகி எழுதியிருந்தேன். அதன் அடியில் மடக்கு நாற்காலிக்கு லிங்க் வைத்தேன். யாரோ ஒரு புண்ணியவான் நிஜமாகவே அந்த நாற்காலியை வாங்கிவிட்டார். பெரியவரின் ஆன்மாவுக்காக மெழுகுவர்த்தி ஒன்று கூடுதலாக ஏற்றினேன்.

அதற்குப் பிறகு எதுவும் அசையவில்லை. நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்பியக் கூட்டத்தில் போய்ப் புலம்பினேன். அன்பியம் என்றால், எங்கள் பங்குக் கோவிலில் அக்கம்பக்கத்து வீடுகளைச் சேர்த்து வைத்திருக்கிற ஒரு கூட்டம். வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம், பாடுவோம், சுண்டல் சாப்பிடுவோம், பிறகு அவரவர் கஷ்டத்தைச் சொல்வோம். எங்கள் தலைவி அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறவர். அவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் பங்குத்தந்தையே மறுபேச்சுப் பேச மாட்டார்.

"இன்னா பாப்பா, அந்த லிங்க்க அமுக்கினா உனுக்கு துட்டு வருமா?" என்று கேட்டார்.

"அமுக்கி, உள்ள போயி, பொருள வாங்கணும் அக்கா."

"வாங்கறது அப்பால. ஆண்டவர் பாத்துப்பாரு, நீ போ" என்றார். நான் சுண்டலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறேன், என் பிளாகில் கூட்டம் அலைமோதுகிறது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் செபமாலை நேரம் முடிந்ததும் மளமளவென்று. கிளிக் கணக்கு காட்டுகிற கோடு மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறியது. என் எழுத்து ஊர் முழுக்கப் பரவிவிட்டது என்றே நம்பினேன். ஆவடி, வேப்பம்பட்டு வரைக்கும் ரயிலில் போகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் படித்துக்கொண்டு போகிறார்கள் என்று கற்பனை செய்தேன். விற்பனைக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அது மெதுவாக நிரம்பும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கணவரிடம் போய், "அந்த டேப்ப எங்கயாச்சும் ஒளிச்சி வைங்க, இனிமே தேவைப்படாது" என்றேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த வாரக் கூட்டம் எங்கள் வீட்டில். அன்று மத்தியானம் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. ஒரே ஆட்கள் ஒரே லிங்க்கைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள், ஒருவரும் எதுவும் வாங்கவில்லை, இது இயல்பாக இல்லை, ஆகவே உங்கள் கணக்கை மூடிவிட்டோம். வந்தனம்கூடப் போடவில்லை. அந்த நாற்காலிக் கமிஷனும் அதோடு போனது. தேங்காயும் கையுமாகப் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். செபமாலை முடிந்ததும் தலைவி அக்கா எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"உனுக்கு தெரியாம ஒரு காரியம் பண்ணோம் பாப்பா. உன்னோட மூலைக்காக ஒம்பது நாள் செபம், நவநாள் எடுத்தோம். தெனம் செபமாலை சொல்லிட்டு, சிலுவை போட்டுட்டு, ஆளுக்கு ஒருவாட்டி உன் லிங்க்க அமுக்கணும்னு குரூப்புல போட்டேன். நாளன்னிக்கு முடியுது."

அப்புறம் ஒவ்வொருவராகச் சாட்சி சொன்னார்கள். ஒருவர், "நான் ஒருவாட்டி இல்ல, பஸ்ல குந்திகினு போறப்ப எல்லாம் அமுக்கினேன்" என்றார். இன்னொருவர், "எங்க ஊட்ல நெட் இல்ல, மாடிக்கு போயி அமுக்கினேன்" என்றார். மூட்டுவலிக்காரர் அவர். எனக்கு ஆத்திரம் தொண்டை வரைக்கும் வந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து பேர், நல்ல செய்தி கேட்கப்போகிற முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராச்சும் எதுனா வாங்கினீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"வாங்கறதுக்கு இன்னா கீது, எல்லாம் ஊட்லயே கீதே" என்றார் மூட்டுவலிக்காரர்.

"நான் வாங்கினேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நீ எழுதியிருந்த அதே மிக்ஸி. அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவுல போயி வாங்கினேன். நீ எழுதினத காட்டி பேரம் கூட பேசினேன், ஒரு கட்டப்பை சும்மா குடுத்தான்."

கணக்கை மூடிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரொம்ப நன்றி என்றேன். அழுகை வந்தது. அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, தலைவி அக்கா நன்றிப் பாட்டு ஒன்றை ஆரம்பித்துவிட்டார். நானும் சேர்ந்து பாடினேன். படுக்கையறை வாசலில் நின்று என் கணவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் மேசையை நானே காலி செய்தேன். சபதம் செய்தது நான்தானே. புத்தகங்களை ஒரு மூட்டையாகக் கட்டினேன், மணிபிளான்ட்டைக் கொண்டுபோய் பாத்ரூமில் வைத்தேன், லேப்டாப்பைத் துணி பீரோவில் சொருகினேன். ஒவ்வொன்றையும் முடிந்த அளவு சத்தமாக வைத்தேன். காலி மூலையைப் பார்த்தபோது, நிஜமாகவே யாரையோ வழியனுப்பிவிட்டு வந்த மாதிரி இருந்தது.

குட்டி யானை வண்டியில் ஃபிரிட்ஜ் வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்து மூலையில் நிறுத்தினார்கள். பழைய குட்டி ஃபிரிட்ஜை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் பார்க்கக் கூடாது என்றுதான் அடுப்படியில் நின்றேன். ஆனாலும் அட்டையைப் பிரித்ததும் எட்டிப் பார்த்துவிட்டேன். ஃப்ரீசர் கீழே இருந்தது. காய்கறித் தட்டு என் இடுப்பு உயரத்தில் இருந்தது. அந்த மாடலை எனக்குத் தெரியும். முதுகு போன பதிவின் அடியில் லிங்க் வைத்தது அதற்குத்தான்.

"இத்த யாரு சொன்னா உங்களுக்கு?" என்றேன்.

"நீதான் எழுதிருந்த. குனிஞ்சி குனிஞ்சி முதுகு போச்சி, மேலிடம் கண்டுக்கலன்னு."

"நீங்க... எவ்ளோ நாளா படிக்கிறீங்க?"

"மாப்பு கதையிலேர்ந்து."

அதாவது முதல் பதிவிலிருந்து. லுங்கி நனைந்தது, விசில் எண்ணியது, தூக்கத்தில் கம்பெனி மேனேஜருக்கு அவர் சல்யூட் அடித்தது, எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் இந்த மனிதர்.

"படிக்கிறேன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா என்ன பத்தி எழுதறத உட்டுடுவியே. மேலிடம் வராத வாரம் எனக்கே போரடிக்கும்."

பேசிக்கொண்டே என் மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். "அந்தாண்ட பிடி" என்றார். பிடித்தேன். அடுப்படிக்குள் கொண்டுபோய், பழைய ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் இறக்கினோம். இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் அரிசி டிரம், நடுவில் மேசை கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே சின்ன ஜன்னல், கீழே பிளக் பாயின்ட்.

"அன்னிக்கே மேசையையும் அளந்தேனே, பாக்கல நீ?" என்றார். "இத்த சொல்லலாம்னுதான் வாய தொறந்தேன். அதுக்குள்ள ஊரையே கூட்டிட்ட."

"அன்னிக்கு நான் பேசவுடலன்னா, மறுநாள் சொல்லக்கூடாதா?"

"மறுநாள் நீ லிங்க் வைக்க ஆரம்பிச்சிட்ட. நாற்காலி ஒண்ணு வேற வித்துடுச்சி. சர்தான், நடக்கட்டும்னு உட்டுட்டேன்."

அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "அந்த லிங்க்ல போயி வாங்கியிருந்தா எனக்கு கமிஷனாச்சும் வந்திருக்கும்ல" என்றேன்.

"ஒரே ஊட்டு ஆளுங்க வாங்கினா கணக்குல வராதுன்னு நீதான ஒருவாட்டி எழுதியிருந்த" என்றார். எழுதித்தான் இருந்தேன். எனக்கே அது மறந்துபோயிருந்தது.

அன்று சாயங்காலம் குனியாமல் கத்திரிக்காயை எடுத்து நறுக்கி அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து புதுப் பதிவு ஆரம்பித்தேன். அடியில் லிங்க் வைக்க எனக்குக் கணக்கே கிடையாது. முதலில் படிக்கப்போவது மேலிடம்தான் என்று தெரிந்ததால் இரண்டு பாரா கூச்சமாகவே வந்தது. மூன்றாவது பாராவில், ஃபிரிட்ஜை நிறுத்திய இடத்தில் சிந்திய தண்ணீரை அவர் மாப் போட்டுத் துடைத்தது வந்தது. அதற்கப்புறம் கை தானாக ஓடியது.