சாஸர் நனையாத பாதை

காட்டின் வாசலில், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றபடி, ஒருவர் ஃபிளாஸ்க்கைச் சாய்த்துக் கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டிருக்கிறார். விளிம்பு வரை ஊற்றினால் அவருக்குப் போதாது. விளிம்புக்கு மேலே கொஞ்சம் உப்பி, இதோ வழியப்போகிறேன் என்று மிரட்டும்வரை ஊற்ற வேண்டும். பிறகு சாஸரோடு அதைத் தூக்கி, தூங்குகிற குழந்தையை எடுத்துப் போகிறவர் போல நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு மரங்களுக்குள் நடக்கத் தொடங்குகிறார். வழியில் ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டார்.

முதல்முறை பார்க்கிறவர்கள் குழம்பித்தான் போவார்கள். "உள்ள டீக்கடை இருக்கா சார்?" என்று ஒருவர் கேட்டதற்கு, கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இல்ல, பாதைதான் இருக்கு" என்றார். கேட்டவர் திரும்பிப் போய் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் காட்டுக்குள்ளும் அதை ஒட்டி ஓடும் ஆற்றங்கரையிலும், விடுமுறை நாளில் காலாற நடக்க வருகிறவர்களுக்காகச் சில நடைபாதைகள் உண்டு. ஒவ்வொரு பாதையின் தொடக்கத்திலும் ஒரு பலகை தொங்கும். பச்சை என்றால் சுலபம், மஞ்சள் என்றால் நடுத்தரம், சிவப்பு என்றால் கடினம். எந்தப் பாதைக்கு எந்தப் பலகை என்று நடந்து பார்த்து முடிவு செய்வதுதான் இவருடைய உத்தியோகம். அதற்கு இவர் வைத்திருக்கும் ஒரே கருவி அந்தக் கோப்பை.

"சாஸர் நனையலன்னா சுலபம். சாஸர்ல சொட்டுனா நடுத்தரம். சட்டையில சொட்டுனா கடினம். இதுக்கு மேல என்னங்க அளக்கணும்?" என்பார். இத்தனை வருடத்தில் பச்சைப் பாதையில் யாரும் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்ளவில்லை என்பதால், பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகமும் இதில் தலையிடவில்லை. மாதா மாதம் டீத்தூள் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடும்.

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் நிறைகுடம். கேலிக்குத்தான் வைத்தார்கள், ஆனால் அவர் அதை விருதாக எடுத்துக்கொண்டார். பழமொழியோடு மட்டும் அவருக்குத் தீராத வழக்கு உண்டு. நிறைகுடம் தளும்பாது என்று சொல்லி வைத்தவன் ஒருநாளும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்க மாட்டான் என்பது அவர் கட்சி. "நிறைஞ்சாதாங்க தளும்பும். பாதிக் கோப்பையைத் தூக்கிக்கிட்டு எவன் வேணும்னாலும் மலையே ஏறலாம்."

இந்தத் தொழிலால் வந்த நஷ்டம் ஒன்று உண்டு. கண் எப்போதும் கோப்பையிலேயே இருப்பதால், வருடக்கணக்காக நடந்தும் அவர் காட்டைப் பார்த்ததில்லை. எந்த வளைவில் கூழாங்கல் உருளும், எங்கே மண் வழுக்கும் என்று காலுக்குத் தெரியும். மற்றபடி ஆறு என்பது அவருக்கு இடது காதில் கேட்கும் ஒரு சத்தம், அவ்வளவுதான். கரையில் மீன்கொத்தி உண்டா என்று பறவை பார்க்கிற கூட்டம் ஒன்று கேட்டபோது, "டீயில நிழல் விழுந்திருந்தா பாத்திருப்பேன்" என்றார்.

தொந்தரவு சென்ற மழைக்குப் பிறகு ஆரம்பித்தது. காட்டைச் சுற்றி வரும் பாதை, அதுவரை பச்சையாக இருந்தது, மஞ்சளாயிற்று. அடுத்த மாதம் மூங்கில் பாதை. அலுவலக மேலாளர் அம்மா இவரைவிட ரொம்பச் சின்னவர், இவரிடம் குரல் உயர்த்தத் தெரியாதவர். "அந்தப் பாதையில ஒண்ணுமே மாறலையே சார்" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

"மரம் வளருது மேடம். வேர் மட்டும் சும்மா இருக்குமா?"

மேலாளர் அம்மா கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்து, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கழிப்பறைக்குப் போகும் சிமெண்ட் பாதையில் சிவப்புப் பலகை தொங்கியது.

பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. தினமும் நாயோடு நடக்க வரும் ஓய்வு பெற்ற பஸ் டிரைவரும் அவருடைய நண்பர்களும், இத்தனை நாள் தாங்கள் கடினமான பாதையில்தான் கழிப்பறைக்குப் போய் வந்திருக்கிறோம் என்று தெரிந்து நெஞ்சு விடைத்துப்போனார்கள். ஆளுக்கொரு ஊன்றுகோல் வாங்கி, பலகைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பினார்கள். வெளியூரிலிருந்து ஓர் இளைஞன் கயிறும் தலைக்கவசமும் ஆணி வைத்த பூட்ஸும் போட்டுக்கொண்டு வந்து, சிவப்புப் பாதையில் மூச்சைச் சீராக விட்டபடி ஏறிக்கொண்டிருந்தான். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு பெண், "கொஞ்சம் வழி விடுங்க தம்பி, அவசரம்" என்று அவனைத் தாண்டிப் போனாள்.

சிரிப்பெல்லாம் வெளியேதான். வீட்டில் கதை வேறு. அவர் மனைவி திரைச்சீலை தைக்கிறவர். தையல் மெஷின் கூடத்தில் இருக்கிறது. ஒருநாள் காலை மனைவி மெஷினை நிறுத்திய நேரத்தில், சமையலறையிலிருந்து கூடத்துக்கு நிறைகுடம் டீ கொண்டு வரும் சத்தம் கேட்டது. கோப்பை சாஸரின் மேல் கடகடவென்று பல் அடித்துக்கொண்டு வந்தது. வேரும் இல்லை, கூழாங்கல்லும் இல்லை, சமமாகப் பாவிய தரை. மனைவி கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, அவருடைய வலது கையையே பார்த்தார். அவர் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அன்று மாலை ஒரு பலகையோடு வந்து, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஆணியடித்து மாட்டினார். மஞ்சள்.

"இத்தனை வருஷமா நான் நடுத்தரத்துலயா சமைச்சிட்டிருக்கேன்?" என்று கேட்டார் மனைவி.

"தரை இறங்கியிருக்கு. பழைய வீடு."

"தரைதான் இறங்கியிருக்கா?"

"பின்ன?"

"டாக்டர்கிட்ட ஒருதடவை போயிட்டு வருவோம்ங்க."

"தரைக்கு டாக்டர் என்ன பண்ணுவார்?" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். ஆனால் அவருக்குத் தெரியாமல் இல்லை. சட்டைப் பொத்தான்களோடு காலையில் எவ்வளவு நேரம் மல்லுக்கு நிற்கிறார் என்பது அவருக்குத்தானே தெரியும். வேர் என்று சொன்னால் அது மரத்தின் பாடு. கை என்று சொல்லிவிட்டால் அப்புறம் கோப்பையை யார் பிடிப்பது? கோப்பை இல்லாத தன்னை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பயந்துதான் போயிருந்தார் மனிதர்.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பச்சைப் பலகை, ஆற்றங்கரைப் பாதை. மரப்பாலத்திலிருந்து தடுப்பணை வரை உள்ளங்கை போலச் சமமாகப் போகும். மேலாளர் அம்மா அவரை உட்காரவைத்து, வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னார்: "இதுவும் மஞ்சளாச்சுன்னா நம்மகிட்ட சுலபமான பாதைன்னு ஒண்ணுமே இல்ல சார். குழந்தைங்க, வயசானவங்க யாரும் வரமாட்டாங்க. அப்புறம் மேலிடத்துல, எதுக்கு இந்த ஆபீஸுன்னு கேப்பாங்க. சனிக்கிழமை நீங்க நடக்கும்போது நானும் வரேன்."

"வாங்க மேடம். பாதை என்ன சொல்லுதோ அதுதான்."

சனிக்கிழமை மரப்பாலத்தில் மூன்று பேர் நின்றார்கள். மனைவியும் வந்திருந்தார். காற்று வாங்க வந்ததாகச் சொன்னார். மேலாளர் அம்மாதான் டீ ஊற்றினார், இவருடைய வழக்கப்படியே, உப்பி நிற்கும்வரை. நிறைகுடம் இரண்டு கைகளாலும் சாஸரைப் பிடித்து நெஞ்சுக்கு நேரே தூக்கினார். கோப்பை மெல்ல முனகத் தொடங்கியது. ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. நின்ற நிலையிலேயே, விளிம்பில் உப்பியிருந்த டீ உடைந்து ஒரு சொட்டு சாஸரில் விழுந்தது.

மேலாளர் அம்மா சட்டென்று ஆற்றைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"ஆறு ஓடுது மேடம், பாலம் அதிருது" என்றார் அவர்.

பாலம் அசையாமல் கிடந்தது. அவர் கோப்பையைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார். நின்றுகொண்டிருப்பதற்கு எந்தப் பலகை மாட்டுவது என்று அவருடைய கணக்கில் இல்லை.

மனைவி பக்கத்தில் வந்து கைக்குட்டையால் சாஸரைத் துடைத்தார். அப்புறம் கையை நீட்டினார். "குடுங்க. பாதையில கோளாறுன்னா எனக்கும் தளும்பும், இல்லையா?"

அவர் கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தார்.

ஊசியில் நூல் கோக்கிற கை அது. மனைவி முன்னால் நடந்தார், பின்னால் மேலாளர் அம்மா. கடைசியில் அவர், கையில் ஒன்றுமில்லாமல், திருவிழாவில் தொலைந்த பிள்ளை போல வந்தார். கொஞ்ச தூரம் வரை மனைவியின் முழங்கையையே பார்த்துக்கொண்டு, "அங்க கூழாங்கல் இருக்கு, இடது பக்கம் போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் தலையை நிமிர்த்தினார். நிமிர்த்தியவர் நின்றுவிட்டார்.

"இவ்வளவு அகலமா இது?" என்றார்.

"எது சார்?"

"ஆறு."

எதிர்க்கரைக் கிளையிலிருந்து நீலமாக ஏதோ ஒன்று தண்ணீருக்குள் பாய்ந்து திரும்பியது. அது என்ன பறவை என்று அவர் மேலாளர் அம்மாவைக் கேட்டார். மீன்கொத்தி என்று சொன்னதும், தடுப்பணை வரும்வரை கரையைப் பார்த்தபடியே வந்தார்.

தடுப்பணையில் ஒரு பெஞ்சு உண்டு. சோதனை முடிந்ததும் ஆறிப்போன டீயை அங்கே உட்கார்ந்து குடிப்பது அவர் வழக்கம். மனைவி கோப்பையை லேசாகத் தூக்கி, சாஸரைக் காட்டினார். எலும்பு போல உலர்ந்திருந்தது.

"சுலபம் மேடம்" என்றார் அவர். "எல்லாத்தையும் திரும்பப் பாத்துடுங்க. இவளைக் கூட்டிட்டுப் போங்க." கொஞ்சம் பொறுத்து, "கழிப்பறைப் பாதையை முதல்ல மாத்துங்க" என்றார். சொல்லி முடித்தபோது அவர் கண் கலங்கித்தான் இருந்தது.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து மனைவியிடமிருந்து கோப்பையை வாங்கினார். கோப்பை கடகடத்தது. அதை மறைக்காமல், இத்தனை வருடமாக ஒரு சொட்டுக்கூட விழக்கூடாது என்று காத்த சாஸரில் டீயைத் தாராளமாகச் சாய்த்து ஊற்றினார். கொஞ்சம் சட்டையிலும் விழுந்தது. பாதையின் மேல் பழி போடாமல், சாஸரைத் தனக்கு வைத்துக்கொண்டு, பாதியாகிவிட்ட கோப்பையை மனைவியிடம் நீட்டினார்.