அழக்கூடாத வாரம்

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் என்றால் சாயங்காலம் ஏழு மணி. போர்ட் பிளேரில் நாங்கள் இருந்த லம்பா லைனில் கரண்ட் இருந்தாலும் போனாலும், சோறு வெந்தாலும் வேகாவிட்டாலும், ஏழு மணிக்கு அத்தை பாயை விரித்துவிடுவாள். அத்தை என்றால் அம்மாவின் அண்ணன் மனைவி. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். முன்னறை மாமாவுக்கும் அத்தைக்கும், பின்னறை எங்களுக்கு, அடுப்படி எல்லோருக்கும். முதலில் பாட்டு, பிறகு வேத வாசிப்பு, அதற்கப்புறம் ஆளுக்கொரு வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். வசனம் சொல்லாதவர்களுக்குச் சோறு கிடையாது என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிடுவாளோ என்ற பயம் மட்டும் எனக்கும் மாமாவுக்கும் எப்போதும் உண்டு.

அத்தைக்கு வசனமெல்லாம் நாக்கு நுனியில். பால் பொங்கி வழிந்தால் ஒரு வசனம், மெயின்லாந்துக் கப்பல் வராமல் காய்கறி விலை ஏறினால் ஒரு வசனம். மாமா அதற்கு நேர் எதிர். ஜங்லிகாட் படகுத்துறையில் என்ஜின் மெக்கானிக். கிரீஸ் வாடையோடு வந்து பாயில் உட்கார்ந்தால் கொட்டாவி விடுவார். பிழைக்கும் வழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வேதாகமத்தில் சின்னச் சின்ன வசனங்களும் இருக்கின்றன, நீளத்தை அளந்து பார்த்தா கர்த்தர் ஆசீர்வதிக்கப்போகிறார் என்றார். 'எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்' என்பது அவருக்கு. 'இயேசு கண்ணீர் விட்டார்' எனக்கு. பங்கு பிரித்ததில் நியாயமே இல்லை. சந்தோஷத்தைத் தான் வைத்துக்கொண்டு கண்ணீரை என் பக்கம் தள்ளிவிட்டார். ஆனாலும் மூன்றே வார்த்தை என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நாள் இதை வைத்தே ஓட்டினோம். அத்தை பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் சட்டம் போட்டாள்.

"ஏட்டி, இனிமே அந்த வசனத்தச் சொன்னா இருக்கு ஒனக்கு. வேற படி."

மாமாவுக்கு அந்தச் சட்டம் இல்லை. அவரைத் திருத்துவதைக் கர்த்தரிடமே ஒப்படைத்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னாளாம். எனக்குத் தண்டனையாக ஏசாயா நாற்பத்துமூன்றாம் அதிகாரத்திலிருந்து ஒரு நீளமான வசனத்தைக் கொடுத்து, நெட்டுருப்போடச் சொன்னாள்.

மழைக்காலம் தொடங்குகிற நேரம் அது. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தெலுங்குக்காரர், சொந்தமாக மீன்பிடி டிங்கிப் படகு வைத்திருந்தார். அதன் என்ஜினை மாமாதான் பிரித்துப் பூட்டியிருந்தார். முதல் தடவை தூரமாகப் போகிறோம், நீயும் கூட வா என்று அவர் கூப்பிட, மாமா விடிகாலையில் ஏறிப் போனார். மெக்கானிக் கூட இருந்தால் என்ஜினுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பார்கள் பாவம். அன்று மத்தியானமே காற்று மாறிவிட்டது. ஏழு மணிக்கு அத்தை பாயை விரித்தாள். மாமா வரவில்லை.

மறுநாள் தீவுக்குத் தீவு போகிற படகுகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு ஹேடோ துறைமுகத்தில் கிரேன் வேலை. டியூட்டி முடிந்ததும் நேரே ஜங்லிகாட் போய், தேடப் போன கப்பல் ஏதாவது சொன்னதா என்று விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வாசலில் அவர் முகத்தைப் பார்த்தாலே போதும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அத்தை அழவில்லை. அழாதது மட்டுமில்லை, வேறு யாரும் அழக்கூடாது என்றும் சொல்லிவிட்டாள். யாக்கோபு நிருபத்தைத் திறந்து வாசித்தாள்: 'சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்.' பேதுரு கடல்மேல் நடந்து போனவன், காற்றைக் கண்டு பயந்ததும்தானே அமிழ்ந்தான் என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்த வீட்டுல யாரும் அழப்புடாது. நாம அழுதா கர்த்தர நம்பலன்னு ஆயிரும். அவரு அங்க தண்ணில கெடக்காரு."

எனக்கு அது அப்படியே மனதில் இறங்கிவிட்டது. இங்கே ஒருத்தர் கண்ணில் தண்ணீர் வந்தால் அங்கே மாமா ஒரு முழம் அமிழ்வார் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா வெங்காயம் நறுக்கும்போது கண்ணைத் துடைத்தாள். அத்தை ஒரு பார்வை பார்த்தாள். வெங்காயம் மைனி என்றாள் அம்மா. எது வெங்காயக் கண்ணீர், எது மற்றது என்று யாருக்குத் தெரியும்? அதோடு வீட்டில் வெங்காயம் உரிப்பது நின்றது. வெங்காயம் இல்லாத குழம்பை நாங்கள் சப்தம் போடாமல் சாப்பிட்டோம்.

இப்படி நாங்கள் கட்டிக் காத்துக்கொண்டிருக்க, படகுக்காரரின் மனைவி தினமும் எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குத் தெலுங்கு தெரியாது. போர்ட் பிளேர் இந்திதான் பொது. அழாதே, அழாமல் ஜெபம் பண்ணு என்று அத்தை இந்தியில் சொல்லிப் பார்த்தாள். அவள் மூக்கைச் சிந்திவிட்டுப் பதில் சொன்னாள்:

"தீதி, ஆப் பிரார்த்தனா கரோ. ரோனா மேரா காம்."

நீங்கள் ஜெபியுங்கள் அக்கா, அழுகிற வேலை என்னுடையது என்று. அத்தைக்கு அதற்கு ஒரு வசனமும் அகப்படவில்லை. எனக்கோ பெரிய கவலை வந்துவிட்டது. மாமாவும் அவள் வீட்டுக்காரரும் இருப்பது ஒரே படகு. நாங்கள் அழாததனால் ஒரு பாதி மிதந்து, அவள் அழுவதனால் மறு பாதி மூழ்கினால் அந்தப் படகு என்னத்துக்கு ஆகும்?

அன்று சாயங்காலமும் பாய் விரித்தாயிற்று. அப்பா துறையிலிருந்து இன்னும் வரவில்லை. அத்தை, அம்மா, நான் மூன்றே பேர். பாட்டை அத்தை தனியாகவே பாடி முடித்தாள். வாசிப்பு முடிந்து வசனம் சொல்லும் நேரம் வந்தது. அத்தை ஒன்று சொன்னாள், அம்மா ஒன்று சொன்னாள். அடுத்தது மாமாவின் முறை. எனக்கு முன்னால் எப்போதும் அவர்தான். மூன்று பேரும் அவர் சொல்லி முடிக்கிற அளவு காத்திருந்தோம். வேண்டுமென்று இருக்கவில்லை, பழக்கம். பிறகு அத்தை என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

'நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்' என்று தொடங்கினேன். அத்தை கொடுத்த வசனம்தான், நன்றாகப் பாடமாகியிருந்தது. ஆனால் தண்ணீர் என்று சொன்னதும் பக்கத்தில் பாயில் காலியாகக் கிடந்த மாமாவின் இடம் கண்ணில் பட்டது. மேற்கொண்டு ஒரு சொல் வரவில்லை. வசனம் சொல்லாமல் விட்டால் அதுவும் அவிசுவாசத்தில் சேர்ந்துவிடுமோ என்று பயந்து, எது வாயில் வந்ததோ அதைச் சொல்லி முடித்தேன்.

"இயேசு கண்ணீர் விட்டார்."

அத்தை கண்ணைத் திறந்தாள். அறை விழப்போகிறது என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. என்ன சொன்ன என்று மெதுவாகக் கேட்டாள். திரும்பச் சொன்னேன். அவள் வாய் கோணிற்று. அப்படியே அம்மாவின் மடியில் கவிழ்ந்து, அந்த வாரம் முழுக்க அடக்கிவைத்ததை எல்லாம் அழுது தீர்த்தாள். அம்மாவும் அவள் முதுகில் தலையை வைத்து அழுதாள். படியில் இருந்த படகுக்காரரின் மனைவி, ஏதோ கெட்ட செய்திதான் வந்துவிட்டது என்று பதறி உள்ளே ஓடிவந்தாள். ஒன்றுமில்லை என்று அத்தை கையால் காட்டி, அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் மட்டும் சுவரோரம் ஒண்டி நின்றேன். பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. எல்லாம் போச்சு, மாமா இனிமேல் வரமாட்டார், என்னால்தான் என்று நினைத்தேன்.

அந்தச் சின்ன வசனம் இருக்கிற அதிகாரத்தை நான் முழுதாக வாசித்தது வளர்ந்து பெரியவளான பிறகு. சிநேகிதன் செத்துக் கல்லறையில் கிடக்கிறான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்பது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் அழுகிறார். அந்த அதிகாரம் அத்தைக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் அந்த வாரம் அது அவள் ஞாபகத்துக்கு வரவில்லை.

மாமா வந்தார். லிட்டில் அந்தமான் பக்கம் வேறு மீன்பிடிப் படகுக்காரர்கள் பார்த்து இழுத்து வந்திருந்தார்கள். ப்ரொப்பல்லர் உடைந்துவிட்டது, மாற்றுவதற்குக் கையில் வேறு இல்லை. மழைத் தண்ணீரும் பச்சை மீனுமாகத் தாக்குப்பிடித்திருக்கிறார்கள் இரண்டு பேரும். முகத்துத் தோல் உரிந்து, உதடு வெடித்து, ஆளே பாதியாகி வந்து நின்றவரைப் பார்த்து அம்மா ஓவென்று கத்தினாள். அத்தை நேரே போய் அடுப்பில் கஞ்சி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு சபையில் ஸ்தோத்திர ஆராதனை. மாமாவும் படகுக்காரரும் முன்வரிசையில். படகுக்காரரின் மனைவி நெற்றியில் பெரிய குங்குமமும் தலையில் பூவுமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நமது சகோதரி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அந்த அசையாத விசுவாசம் கணவரைக் கடலிலிருந்து கொண்டுவந்தது என்று பாஸ்டர் ஐயா பிரசங்கித்தார். நாங்கள் அழுத விஷயத்தை நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை, சாகும்வரை விடுவதாகவும் இல்லை. சாட்சி சொல்ல அத்தை எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

"பாஸ்டர் ஐயா சொன்னதுல ஒரு திருத்தம் இருக்கு. நான் அழுதேன். கொண்டுவந்துருவாருன்னு நம்பிக்கிட்டேதான் அழுதேன். அதுவரைக்கும் எனக்கும் சேத்து அழுதது அந்தா கடைசி பெஞ்சுல இருக்கவ."

கடைசி வரியை அவளுக்காக இந்தியிலும் ஒருமுறை சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பாஸ்டர் ஐயாவும் ஆமென் என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சபை முழுக்க இப்படியா போட்டு உடைப்பது? ஆராதனை முடிந்ததும் மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, அத்தை சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றேன். மாமா குனிந்து என் காதில் சொன்னார்:

"நானும்தாண்டி அழுதேன், படகுல. ரெண்டு பேருமே."

அம்மா தன் பங்குக்கு, அப்பா கிரேனுக்குப் பின்னால் நின்று அழுததாக யாரோ சொன்னதைச் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் யோசித்துக்கொண்டே வந்தேன். அத்தை அழுதாயிற்று. அம்மா அழுதாயிற்று. அப்பா, மாமா, படகுக்காரர், அவர் மனைவி, ஒருத்தர் பாக்கியில்லை. அத்தனை பேரும் சந்தேகப்பட்டிருந்தால் யாருடைய விசுவாசத்தைப் பார்த்துக் கர்த்தர் படகைத் திருப்பி அனுப்பினார்? அழாமல் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். அப்படியென்றால் மாமாவைக் கரை சேர்த்தது நானே என்று தீர்மானித்துக்கொண்டேன். அதற்காக யாரிடமும் பெருமையடிக்கக் கூடாது என்று, முன்னால் பேசிச் சிரித்துக்கொண்டு போகிற எல்லோரையும் மனதார மன்னித்துவிட்டு, பின்னாலேயே நடந்தேன்.