கள்ளன் என்று காதில் விழுந்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைதான் படிப்பு. பிழை இருக்கும், நடந்ததில் சிலது முன்னே பின்னே ஆகியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எதிரே ஆணியில் தொங்குகிற கறுப்புக் கைப்பையைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உப்புத் தண்ணீர் பட்டு அதன் ஜிப்பு துருவேறி இறுகிவிட்டது; பாதிக்கு மேல் திறக்காது. தூக்கிப் போடச் சொல்லி மருமகள் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். முடியாது என்றேனே தவிர, ஏன் என்று சொன்னதில்லை.

பென்னலூரில் எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த பெண்ணைப் பற்றிய விஷயம் அது. நாகர்கோவிலுக்கு மேற்கே, பாறையும் கடலும் முட்டிக்கொள்கிற ஓர் ஊர்க்காரி. ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் அவள் லைனில் நிற்பாள். நான் அங்கேயே கூட்டித் துடைக்கிற வேலை. அவர்கள் ஊர் வழக்கப்படி என்னை மாமி என்பாள். நான் பேசக் கூச்சப்படுவேன் என்று எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். ஷிப்டு முடிந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வரும்போது, ஊரில் பார்க்க வேண்டியதை விரல் மடக்கி எண்ணுவாள்.

"ஒண்ணு, செம்மண் மேடு. ரெண்டு, லைட் ஹவுஸ்ல ஏறணும். மூணு, மாதா கோயில் தேரு. நாலு, சிப்பி அவிச்சுத் தின்னணும். அஞ்சு, பாறை மேல இருந்து சூரியன் கடல்ல முங்குறதப் பாக்கணும். அதப் பாக்காம போனா ஒங்களுக்கு மோட்சம் கெடையாது மாமி."

"மோட்சத்துக்கு அவ்ளோ தூரம் ரயில்ல போவணுமா?" என்பேன். ஆட்டோவே சிரிக்கும்.

ஒரு மே மாதம், திருவிழாவுக்கு என்னையும் கூட்டிப்போனாள். அடுத்த வாரம் அவளுக்குப் பர்மனென்ட் டெஸ்ட். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வயர் முனைகளைச் சொருகச் சொல்வார்கள். பல வருஷம் ட்ரெயினியாகவே ஓட்டியவள். இந்தத் தடவை விட்டால் வெளியேதான். ரயிலிலும் துப்பட்டா நுனியைத் திரித்துத் திரித்து விரலுக்குப் பழக்கம் கொடுத்துக்கொண்டே வந்தாள். பெட்டியெல்லாம் நான்தான் தூக்கினேன். "நீ வுடும்மா, உன் கை பத்திரம்" என்றேன்.

தேருக்குப் போகும்போது அவள் அம்மா என் பையைத் தொட்டுக்காட்டி, "கூட்டத்துல கள்ளன் உண்டு, கவனிச்சுக்கிடுங்க" என்றார். எங்கள் பக்கம் திருடன் என்போம். கள்ளன் என்கிற சொல் அன்றுதான் என் மனதில் ஏறியது. பைக்குள் திரும்பி வருவதற்கான டிக்கெட்டும் வீட்டுச் சாவியும் இருந்தன.

நாலும் பார்த்தாயிற்று. அஞ்சாவதுக்காகச் சாயங்காலம் பாறைக்குப் போனோம். மேலே கரையில் அவள் அப்பா வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். காற்றில்லை, மேகமில்லை, கடல் தூங்குவதுபோல் கிடந்தது. பாறை அடியில் தண்ணீர் மளமளவென்று இறங்கி, பச்சைப் பாசி வெளியே தெரிந்தது. நான் சந்தோஷமாக, "தோ பாரு, தண்ணி வத்திக்கினே போவுது" என்றேன். அவள் திரும்பினாள். முகம் வெளுத்துவிட்டது.

மேலேயிருந்து அவள் அப்பா கத்தினார். "கள்ளக்கடல்! ஏறு மக்ளே, மேல ஏறு!"

எனக்குக் 'கள்ள' என்பதோடு காது நின்றுவிட்டது. இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, திருடன் எந்தப் பக்கமிருந்து வருகிறான் என்று பின்னால் பார்த்தேன். அவள் பாதி ஏறிவிட்டிருந்தாள். "கையத் தாங்க மாமி! கைய!" கொடுக்க என்னிடம் கையில்லை. தண்ணீர் அலைபோல் வரவில்லை, சத்தமும் இல்லை. கடலே எழுந்து நின்றதுபோல் முழங்கால், இடுப்பு என்று ஏறியது. அவள் மறுபடி கீழே குதித்தாள். வலது கையைப் பாறை வெடிப்புக்குள் நுழைத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் என் கொண்டையைப் பற்றினாள். தண்ணீர் இரண்டு தடவை எங்களை உள்ளே இழுத்தது. இரண்டாவது இழுப்பில் வெடிப்புக்குள்ளே எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அப்போதும் அவள் விடவில்லை.

அவள் அப்பா இறங்கி வந்து எங்களை மேலே ஏற்றிய பிறகும், "திருடன் எங்க?" என்றுதான் கேட்டேன். கையை மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "கடலுதான் மாமி கள்ளன். சத்தமில்லாம வருதுல்லா, அதான் அப்பிடிச் சொல்லுவோம். பை இருக்கா?"

பை இருந்தது.

கம்பெனியில் மாவுக்கட்டோடு போய் நின்றவளிடம் சூப்பர்வைசர், "இன்னாம்மா, டெஸ்ட் நேரத்துல கைய ஒடச்சிக்கினு வந்து நிக்கிற?" என்றார். "வீட்டுல வழுக்கிட்டேன் சார்" என்றாள். நாலடி தள்ளித் துடைப்பத்தோடு நான் நின்றேன். என்னால்தான் சார் என்று சொல்ல நாக்கு வரை வந்தது, வெளியே வரவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் இன்னொரு தேதி கொடுத்திருப்பார்களோ, என்னவோ. அந்த மாதமே அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

இப்போது செய்தியில் அடிக்கடி கள்ளக்கடல் எச்சரிக்கை என்கிறார்கள். "இன்னா அத்த இது, புதுப் பேரா கீது?" என்று மருமகள் கேட்டாள். நான் ஆணியில் தொங்கும் பையைப் பார்த்தேன். எப்போதாவது அவள் போன் செய்வாள். "அஞ்சாவது பாக்கி கெடக்கு மாமி, எப்ப வாறீங்க?" என்பாள். கையைப் பற்றி அவளும் பேசுவதில்லை, எனக்கும் கேட்கத் தைரியமில்லை.

அந்தக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் யாராவது, பாறை வெடிப்பு நான் எழுதிய மாதிரிதான் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அவளைக் கண்டால், ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேளுங்கள். விரலை மடக்கி எண்ணுவாள். அஞ்சும் மடங்குகிறதா என்று எனக்காகப் பாருங்கள்.