லோர்னா வைத்த புள்ளி

குரவில்லா கவுன்சிலில் லோர்னா ட்ரெசைஸ் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தாள். தட்டச்சுக்கு வந்தவள். கம்ப்யூட்டரில் வரைபடம் போட ஆள் வேண்டும் என்றதும் அடிலெய்டு போய்ப் படித்துவிட்டு வந்து, ஊரின் சாக்கடை மூடி, தெருவிளக்கு, மரம் என்று ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு புள்ளி வைத்தாள். கல்லறைத் தோட்டத்தின் படத்தை மட்டும் வேறு யாரையும் தொட விடமாட்டாள். 1999ல் சர்வே கருவியைத் தோளில் சுமந்து அவளே அளந்த படம் அது. அலுவலகக் கோப்புகளோடு சேர்க்காமல் தனியாக வைத்திருந்தாள்.

நான் டெஸ் பாஸ்கோ, குழி வெட்டுகிறவன். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

"டெஸ், டேப்லெட்டப் பாத்து வெட்டு. உன் மூக்கப் பாத்து வெட்டாத."

"என் மூக்கு இதுவரைக்கும் தப்பு பண்ணல."

"மத்தியானம் பீர் கடைக்கு வழி கண்டுபிடிக்கத்தான் அது லாயக்கு!"

2022ல் அவள் புருஷன் ராய் செத்தான். பழைய பகுதியில், டேப்லெட் காட்டிய புள்ளியில் நானே வெட்டினேன். அவனுக்கு வடக்கே ஒரு குழி அளவு இடம் சும்மா கிடந்தது. அதை ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். "படம் சொல்றத வெட்டு டெஸ்" என்றாள், அழுத முகத்தோடு. வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயை இன்றைக்கும் அறையலாம் போலிருக்கிறது.

போன மார்ச்சில் கெவின் பென்ஹால் இறந்தார். அவருடைய மகள் ரோவீனா 1981ல், ஐந்து வயதில், பண்ணைக் குட்டையில் மூழ்கிப் போனவள். அன்றைக்கே அவள் பக்கத்து இடத்தைத் தனக்கென்று எழுதி வைத்துவிட்டார் கெவின். அவர் செய்து நட்ட மரச்சிலுவை 2015 தீயில் போனது. அந்த வரிசையில் மரச்சிலுவை எல்லாமே போனது. இடத்தைச் சொல்ல லோர்னாவின் படம்தான் மிச்சம்.

"டெஸ், அவ பக்கத்துலதான?" என்று கெவினின் மனைவி க்ளெனிஸ் மூன்று தடவை கேட்டார்.

"இஞ்ச் பிசகாது" என்றாள் லோர்னா.

புதன்கிழமை காலையில் வெட்டினேன். ராயின் கல்லுக்குத் தெற்கே, புள்ளி நின்ற இடத்தில். கற்களுக்கு நடுவே இயந்திரம் நுழையாது, மண்வெட்டிதான். இடுப்பளவு போனதும் மரத்தில் இடித்தது. கையால் மண்ணைத் தள்ளினேன். வெள்ளைப் பெயின்ட். துருப்பிடித்த சின்னக் கைப்பிடி. முழுப்பெட்டியும் நாலடிகூட இருக்காது.

குழிக்குள் நின்றபடியே லோர்னாவைக் கூப்பிட்டேன். இறைச்சி அடைத்த பாஸ்டியைத் தின்றுகொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். பாஸ்டி குழிக்குள் விழுந்தது.

"இல்ல. இல்ல டெஸ். இது கெவினோட இடம். குழந்த அடுத்த இடத்துலல்ல இருக்கணும்!" டேப்லெட்டைத் தட்டினாள், திருப்பினாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நாலு வருஷம் முன்னாடி டேப்லெட் மாத்தினாங்கல்ல?"

"அதுக்கென்ன?"

"நாம நிக்கிற இந்த நாடே வருஷத்துக்கு ஏழு சென்டிமீட்டர் வடக்க நகருது. என் படம் தொண்ணூத்தி நாலுல நாடு நின்ன இடத்த வெச்ச கணக்கு. டேப்லெட் ரெண்டாயிரத்தி இருபதுல நின்ன இடத்த வெச்ச கணக்கு. அதனால ஆபீஸ் படமெல்லாம் ஒண்ணே முக்கால் மீட்டர் தள்ளி வெச்சோம். சாக்கடை, ரோடு, மரம்..."

"கல்லற?"

அவள் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். தனியாகப் பூட்டி வைத்த படத்தை யார் தள்ளுவது? எங்கள் தோட்டத்தில் ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். தள்ளாத புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குழி தெற்கே காட்டியிருக்கிறது.

"இந்த டேப்லெட்ட வெச்சு பழைய பகுதியில எத்தன பேரப் பொதச்சோம்?"

"ஒருத்தரத்தான்" என்றாள். ராயின் கல்லைப் பார்த்தாள்.

கெவினின் இடத்தில் ராய் கிடந்தான். குழந்தைக்கு மறுபக்கம் 1963ல் புதைத்த கிழவர் ஹாக்கிங். மகள் பக்கத்தில் கெவினுக்கு இடமே இல்லை.

சிறுபெட்டியை மண் போட்டு மெதுவாக மூடினேன். முழங்கால் மண்ணோடேயே லோர்னா க்ளெனிஸ் வீட்டுக்குக் கிளம்பினாள். நான்தான் வண்டி ஓட்டினேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"என் புள்ளையத் தோண்டினீங்களா?" க்ளெனிஸ் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மூடி தெரிஞ்சதும் நிறுத்திட்டேங்க. திறக்கல."

பிறகு கேட்டார்: "அப்ப கெவின் எங்க படுப்பாரு?"

"அவர் இடத்துலயேதான்" என்றாள் லோர்னா. "நான் ராய எடுத்துடறேன்."

 ஞாயிறு தவறாமல் பூவோடு அவனைப் பார்க்கப் போகிறவள் அவள்.

அனுமதி வர ஒன்பது நாள். அதுவரை கெவின் குளிர் அறையில் காத்திருந்தார். ராயைத் தூக்கி வடக்கே காலியாகக் கிடந்த இடத்தில் வைத்தேன். லோர்னா கடைசி வரை நின்றாள். மறுநாள் கெவின் தன் மகள் பக்கத்தில் படுத்தார்.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் அவள் கல்லறைப் படத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். 

"ராயோட இடத்தையும் மாத்திட்டியா?" என்றேன்.

"அத எதுக்கு மாத்தணும்? படத்துல அவரு மொதல்லேருந்தே சரியான எடத்துலதான் இருக்காரு" என்றாள். "மண்ணுலதான் நான் தப்பா வெச்சுட்டேன்."