எடுக்கக் கூடாத போன்

மகளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்த மறுநாளே கான்ட்ராக்டருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவரை, மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்பார்கள். எந்தச் சுவரைக் கண்டாலும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொள்வார். கல்யாணத்துக்குப் போன இடத்தில் சாப்பாட்டு மேசை ஆடுகிறதென்று காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தவர். இது கட்டுக்கதை இல்லை, நடந்ததுதான்.

செங்கல் சுமந்து, கரண்டி பிடித்து, கொத்தனாராகி, பிறகு வீடுகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துத் தொழிலை நிமிர்த்திய மனிதர். முழங்கால் இரண்டும் இனி ஏணி ஏற மாட்டோம் என்று சொன்ன பிறகுதான், தனக்குப் பின் யார் என்ற பேச்சையே எடுத்தார். பெரிய கட்டுமான நிறுவனமொன்றில் இஞ்சினியராக இருந்த மகள் வரச் சம்மதித்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"சைட்ல ரெண்டு வாய் இருக்கக் கூடாதுப்பா. இருந்தா நான் பழைய வேலைக்கே போயிடுவேன். அங்க இன்னும் கூப்பிட்டுட்டுத்தான் இருக்காங்க."

அவரும் தலையாட்டினார். அலமாரிச் சாவி, காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமை, நாற்காலி எல்லாவற்றையும் கொடுத்தார். போனை மட்டும் கொடுக்கவில்லை. மணல் லாரிக்காரர், கம்பிக் கடைக்காரர், மேஸ்திரி என்று அத்தனை பேருக்கும் தெரிந்த எண் அது ஒன்றுதான். யார் கூப்பிட்டாலும் "பாப்பாகிட்ட கேளு" என்பார். சொல்லிவிட்டுத் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்ப்பார். ஆட்கள் அந்த ஒரு வார்த்தையைத்தான் காதில் வாங்கிக்கொண்டார்கள். மகள் ஓரிரு முறை முறைத்தாள். பிறகு முறைப்பதையும் விட்டுவிட்டாள். முறைப்பைவிட அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு ஒரு மாடி வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடும் நாள். அவள் பொறுப்பில் போடும் முதல் தளம். காலையிலிருந்து அவர் ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"எத்தனை தடவை நடந்தாலும் இந்த ஹால் நீளாதுங்க," என்றாள் மனைவி.

ஜன்னலுக்கு வெளியே மேகம் கறுத்து வந்தது. போன் அடித்தது. மேஸ்திரி. இளம் வயதிலிருந்து அவரோடு சாரத்தில் நின்றவர்.

"அண்ணே, வானம் ஒரு மாதிரியா இருக்கு. பாப்பா விடாம போடச் சொல்லிட்டு, தெருமுனையில ஜல்லி லாரியத் திருப்பி விடப் போயிருக்கு. என்ன செய்யட்டும்?"

பாப்பா வரட்டும் என்று சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. வாய் வேறு பேசியது.

"நிறுத்துடா. கலவை கரைஞ்சு ஓடுனா யாரு பதில் சொல்றது?"

மேகம் ஒரு துளி கூடப் போடாமல் நகர்ந்துபோனது. பளீரென்று வெயில் அடித்ததைப் பார்த்ததும் சட்டையை எடுத்து மாட்டினார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆட்டோ பிடித்தார்.

கலவை இயந்திரம் நின்றிருந்தது. ஆட்கள் நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். மழை வந்தால் மூடுவதற்கு மகள் தார்ப்பாயைத் தயாராக வைத்திருந்தாள். நிறுத்த வேண்டி வந்தால் அறையின் நடு வரை போட்டு, பலகை வைத்து நேராக முடிக்க வேண்டும் என்றும் காலையிலேயே சொல்லியிருந்தாள். மேஸ்திரியோ அண்ணன் குரலைக் கேட்டதும் கலவையைப் போட்ட இடத்தில் போட்டபடி, உத்தரத்தை ஒட்டினாற்போல நிறுத்திவிட்டார். பளு வந்து விழும் இடத்தில், பழைய கலவையும் புதியதும் சேரும் ஒட்டு. எந்தக் கொத்தனாரும் செய்யக் கூடாதது. கலவை இறுகத் தொடங்கியிருந்தது.

மகள் சத்தம் போடவில்லை. இறுகிய ஓரத்தைக் கடப்பாரையால் வெட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, பிடிப்புக்குச் சிமெண்ட் பால் ஊற்றித் தொடரச் சொன்னாள். வெட்டிய துண்டுகள் மேலிருந்து அவர் காலடியில் வந்து விழுந்தன. அவள் இறங்கி வந்ததும் அவர் எதிரே போய் நின்றார்.

"நான்தாம்மா நிறுத்தச் சொன்னேன்."

"தெரியும்."

போனை எடுத்து நீட்டினார். "இந்தா, நீயே வெச்சுக்க."

அவள் கை நீட்டவில்லை. "எங்கிட்ட குடுத்துட்டா உங்களுக்கு ஈஸிப்பா. அவ புடுங்கிக்கிட்டான்னு சொல்லிக்கலாம். உங்க பையிலயே இருக்கட்டும். அடிக்கும். எடுக்காதீங்க. சாயங்காலம் வரைக்கும் எடுக்கலன்னா நாளைக்கு நான் இங்க வர்றேன்."

"எடுத்துட்டா?"

"பழைய ஆபீசுக்குக் காலைல எட்டரைக்குள்ள போயாகணும்."

அவர் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார். இயந்திரம் மறுபடி உறுமியது. கொஞ்ச நேரத்தில் சட்டைப் பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மேஸ்திரிதான். நிமிர்ந்தால், மேஸ்திரி தளத்தின் விளிம்பில் போனைக் காதில் வைத்தபடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கை ஓரப் பலகையைக் காட்டியது. பலகை வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. கான்ட்ராக்டரின் தலை தானாகச் சாய்ந்து, ஒரு கண் மூடிக்கொண்டது. பாதி எழுந்தார். மூட்டைமேல் கையை ஊன்றி மறுபடி உட்கார்ந்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. போனைப் பையில் போட்டு, நெஞ்சைப் பிடிப்பதுபோல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

மேஸ்திரி போனை இறக்கினார். இவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு திரும்பி, "பாப்பா, இந்தப் பலகையக் கொஞ்சம் பாரு," என்றார்.

அவள் குனிந்து பார்த்து ஏதோ சொன்னாள். யாரோ முட்டுக்கொடுத்து ஆப்பு அடித்தார்கள். பலகை நிமிர்ந்ததா என்று கீழேயிருந்து அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. வெயில் கண்ணில் குத்தியது. சாயங்காலத்துக்கு இன்னும் வெகு நேரம் இருந்தது. பை மறுபடி அதிர்ந்தது. இந்த முறை மணல் லாரிக்காரர்.