அணைக்காவும் திறக்காத ஜன்னல்களும்

அந்த நாலு மாடி ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற பன்னிரண்டு பெண்களுக்கும் அவள்தான் மேற்பார்வையாளர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தாலோ ஏசி ஓடினாலோ போதும், "அணை, அணை" என்று வாசலிலிருந்தே குரல் வந்துவிடும். அதனால் எல்லோருக்கும் அவள் அணைக்கா.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். "கரண்ட் கண்டபடி செலவாகுது. சுற்றுச்சூழல் பத்தி நம்ம ஆளுங்களுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்" என்று ஒரு கட்டு அட்டைகளை நீட்டினார். மேலே இருந்ததில் "பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்" என்று எழுதி, பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. சிரிப்பை அடக்குவது அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

மறுநாள் காலை துணி மடிக்கும் அறையில் பெண்களை உட்காரவைத்துப் பேச எழுந்தாள். வீட்டில் மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. கடைசியில், "கதவையும் திறந்து போட்டுட்டு ஏசியையும் ஏன் ஓட விடறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

மூன்றாம் மாடியைப் பார்த்துக்கொள்பவள் பட்டென்று சொன்னாள். "ஜன்னல் திறந்தாத்தானேக்கா! போன தடவை பெயின்ட் அடிச்சதுல எல்லாம் ஒட்டிக்கிச்சு. பாத்ரூமை மருந்து போட்டுக் கழுவுற நெடியில மூச்சு முட்டுது. ஏசியை அணைச்சா நாங்களே அணைஞ்சுடுவோம்."

கொல்லென்று சிரிப்பு. அணைக்காவுக்கு மட்டும் சுருக்கென்றது. இத்தனை வருஷம் அணைக்கச் சொன்னோமே, ஏன் போடுகிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டோமா?

ஓட்டலின் ஃபிட்டர் அவள் வீட்டுக்காரர். வீட்டில் "ஏங்க", வேலையில் "ஃபிட்டர் சார்". அன்று ஓட்டலிலேயே "ஏங்க" என்றதும் மனுஷன் பதறிப்போனார்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"நாப்பத்தெட்டு ஜன்னலுக்கு. வாங்க."

கத்தியால் பெயின்ட்டைக் கீறி, கீலுக்கு எண்ணெய் விட்டு, ஐந்தே நாளில் அத்தனையையும் திறந்துவிட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டு அவளும் கூடவே நின்றாள். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் இவ்வளவு நேரம் பேசிச் சிரித்து வருஷக்கணக்காகியிருந்தது.

அதன்பிறகு பெண்கள் அறைக்குள் போனதுமே ஜன்னலைத் திறந்தார்கள். யாரும் சொல்லாமலே ஏசியை அணைத்தார்கள். மேனேஜர் மாடி மாடியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்படி என்னதான் பேசினீங்க?" என்றார்.

"நான் எங்க சார் பேசினேன்? அவங்கதான் பேசினாங்க."

பக்கத்தில் நின்ற தலைமைச் சமையல்காரர் தொண்டையைச் செருமினார். "எங்ககிட்டயும் சாப்பாடு தினம் குப்பைக்குத்தான் போகுது. ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்களே அக்கா."

உட்கார்ந்து கேட்க அணைக்கா ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே சமையல்கட்டுக்கு நடந்தாள்.